சில்லறையில் கரையும் வரி

2026 பிப்ரவரி 1 அன்று சிகரெட் மீதான வரி மாறியது. 2017 ஜூலை முதல் இருந்துவந்த 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் வசூலிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ்ஸும் போய், 40 சதவீத ஜிஎஸ்டியும், நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரையிலான கலால் வரியும் வந்தன. அதே நாளில் பீடி மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. முதல் செய்தியைத் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் ஓட்டின. இரண்டாவதை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புகைப்பழக்கம் இனி எந்தத் திசையில் போகும் என்று என்னைக் கேட்டால், இரண்டாவது செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

தருமபுரியில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். புகையிலைப் பொருள்களின் மொத்த வியாபாரிகள் சிலரும் என்னிடம் வருகிறார்கள் என்பதால், பட்ஜெட் அறிவிப்பு ஒன்று டெல்லியில் கிளம்பி பென்னாகரம் சாலையிலுள்ள பெட்டிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன ஆகிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சிகரெட் விலையை ஏற்றினால் புகைப்பது குறையும் என்பது உலகெங்கும் நிறுவப்பட்ட உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உண்மை நம் ஊர்க் கடையில் வேலை செய்ய வேண்டுமானால் ஏறிய வரி வாங்குபவரின் கைக்கு விலையாக வந்து சேர வேண்டும். பெரும்பாலான நேரங்களில் அது வந்து சேருவதில்லை.

முதலில் நாட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வு இந்தியாவில் 2009-10இலும் 2016-17இலும் நடத்தப்பட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவோர் முதல் ஆய்வில் 34.6 சதவீதமாக இருந்து, இரண்டாவது ஆய்வில் 28.6 சதவீதமாகக் குறைந்தனர். புகைப்போர் மட்டும் 14 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதமாக இறங்கினர். பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரையிலானவர்களிடையே புகையிலைப் பயன்பாடு 18.4 சதவீதத்திலிருந்து 12.4 சதவீதமாகச் சரிந்தது. மொத்தக் கணக்கில் எனக்கு மிகவும் ஆறுதல் தருவது இந்த எண்தான். ஏனெனில் இருபத்தைந்து வயதுவரை தொடாதவர் பெரும்பாலும் பிறகும் தொடுவதில்லை.

இதே ஆய்வில் நம் மாநிலத்தின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தமிழ்நாட்டில் புகையிலைப் பயன்படுத்துவோர் 16.2 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் கூடினர். நாடு முழுவதும் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏறிய மிகச் சில மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றவை அசாம், திரிபுரா, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்கள். கல்வி, மருத்துவம் என்று எதை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் இந்த ஒரு வரிசையில் எப்படிப் போய் நின்றோம் என்பதைப் பற்றிப் பொதுவெளியில் நடந்த விவாதம் மிகக் குறைவு.

இனி, சிகரெட் என்பது இந்தக் கணக்கில் எத்தனை பெரியது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஆய்வின்படி நாட்டில் சிகரெட் பிடிப்போர் 4 சதவீதம். பீடி பிடிப்போர் 7.7 சதவீதம், வாயில் மெல்லும், அதக்கும் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். அதாவது விலையேற்றம் என்று நாம் பேசுவதெல்லாம் மூன்றிலும் சிறியதைப் பற்றி மட்டும்தான். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் இளைஞர்கள் கையில் இருப்பது சிகரெட்டாக இருக்கலாம். அரூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் ஆளின் மடியில் இருப்பது பீடிக்கட்டு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் வயதான பெண்களின் சுருக்குப்பையில் இருப்பதோ வெற்றிலை பாக்கோடு சேர்ந்த புகையிலைத் துண்டு. இந்த மூவருக்கும் நிதியமைச்சர் ஒரே நாளில் மூன்று வேறு செய்திகளைச் சொல்கிறார்.

விலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 4 சதவீதமும், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஏறத்தாழ 5 சதவீதமும் குறைகிறது. ஏழைகளும் இளைஞர்களும்தான் விலைக்கு அதிகம் அசைந்துகொடுப்பவர்கள். பிரான்ஸ் இதற்கு நல்ல சாட்சி. அங்கே 1990க்கும் 2005க்கும் இடையே பணவீக்கத்தைக் கழித்த பிறகும் சிகரெட் விலை மூன்று மடங்கானது. ஒரு ஆள் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை அதே காலத்தில் பாதியானது. அங்கே மக்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. கடையில் பெட்டியை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் விலை உறைத்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்தப் பெட்டியை யார் எடுக்கிறார்கள்? 2016-17 புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்போரில் 68 சதவீதம் பேர் ஒற்றையாக வாங்குகிறார்கள். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே டீக்கடையோடு சேர்ந்த பெட்டிக்கடை ஒன்று எனக்குப் பழக்கம். கடைக்காரர் அண்ணனிடம் ஒருமுறை, ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி முழுதாக விற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்: "பாக்கெட்டு யாருங்க வாங்கறாங்க? பெங்களூர் வண்டி நின்னா ஒன்னு ரெண்டு போவும். மத்தவங்கல்லாம் ஒரு டீ, ஒரு ஃபில்டர். பாக்கெட்ட பிரிக்கறதே நான்தான்." பிரித்த பெட்டியின் மூடியைக் கிழித்துக் கல்லாவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, சிகரெட்டுகளை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறுத்திவைத்திருப்பார். லைட்டர் ஒன்று சணல் கயிற்றில் கட்டித் தூணில் தொங்கும்.

இப்போது வரிக் கணக்குக்கு வருவோம். பத்து சிகரெட் கொண்ட பெட்டியில் 95 ரூபாய் என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒற்றையாக 10 ரூபாய்க்கு விற்கிறார். ஒற்றைக்கு அச்சிட்ட விலை கிடையாது. ஐம்பது காசு சில்லறை யாரிடமும் கிடையாது. எனவே அந்த 5 ரூபாய் அவருடையது. அரசு வரியை ஏற்றுகிறது, பெட்டியின் விலை 98 ரூபாயாகிறது. ஒற்றையின் விலை அப்போதும் 10 ரூபாய்தான். கடைக்காரரின் கூடுதல் லாபம் 2 ரூபாயாகச் சுருங்குகிறது. பிடிப்பவருக்கோ எதுவுமே நடக்கவில்லை. பெட்டி 100 ரூபாயைத் தாண்டிய பிறகுதான் ஒற்றை ஒரே தாவலில் 11 ரூபாயோ 12 ரூபாயோ ஆகும். ஆக, டெல்லியில் சீராக ஏறும் வரி நம் கடையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து, பிறகு ஒருநாள் படியேறுகிறது. அந்த ஒருநாள் வரும்போது சிலர் உண்மையாகவே நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். தொல்லை என்னவென்றால் அந்த நாள் அடிக்கடி வருவதில்லை.

2023 பட்ஜெட்டை நினைவுபடுத்திப் பார்க்கலாம். சிகரெட் வரி 16 சதவீதம் உயர்வு என்று எல்லா நாளிதழ்களும் கொட்டை எழுத்தில் போட்டன. ஏற்றப்பட்டது தேசியப் பேரிடர் நிதிக்கான தீர்வை மட்டும். மொத்த வரியில் அது ஒரு சிறு கிளை. ஆயிரம் நெட்டை சிகரெட்டுக்கு 735 ரூபாயாக இருந்தது 850 ஆயிற்று. ஒரு சிகரெட்டுக்கு வகுத்தால் பன்னிரண்டு காசுக்கும் குறைவு. அந்த வாரத்தில் என்னிடம் வந்த மொத்த வியாபாரி ஒருவர், விலை எகிறப்போகிறது என்று நினைத்து நிறுத்திவைத்திருந்த சரக்கை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். ஏமாந்தது அவர் மட்டும்தான்; புகைப்பவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இதற்கு நடுவே கூலி ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான தினக்கூலி 2016-17இல் 203 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். அறுபது சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. கூலி உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அதே ஆண்டுகளில் புகையிலை வரி பெயருக்கு ஏறியும் ஏறாமலும் இருந்தால், பிடிப்பவரின் நாள் கூலிக்கு எத்தனை சிகரெட் வரும் என்ற கணக்கில் சிகரெட் மலிந்துவிட்டது என்றுதான் பொருள். விலை ஏறியதா என்று மட்டும் கேட்டுவிட்டு, கூலியோடு ஒப்பிட்டு ஏறியதா என்று கேட்காமல் விடுவது நம் பட்ஜெட் விவாதங்களில் வழக்கமாக நடப்பது.

நீளத்தைப் பொறுத்த வரி என்பதும் ஒரு வேடிக்கைதான். இந்தியாவில் சிகரெட்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் வரி. 65 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரு விகிதம், அதற்கு மேல் இன்னொன்று, 70ஐத் தாண்டினால் மற்றொன்று. இதனால் 64 மில்லிமீட்டரில் குட்டை சிகரெட்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. 2014 ஜூலை பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, 65 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றின் கலால் வரியை 72 சதவீதம் ஏற்றியது அதற்குப் பதிலடியாகத்தான். இப்போது வந்திருக்கும் புதிய கலால் வரியிலும் அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. கிங்ஸ் என்ற நெட்டை சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர் விலை தாங்காமல் விட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பதைவிட, அடுத்த படிக்கு இறங்கிக் குட்டையைக் கேட்பார் என்று எதிர்பார்ப்பதே நியாயம். குட்டையும் கட்டாதபோது கடைசிப் படி ஒன்று இருக்கிறது: பீடி.

பீடியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனெனில் அதன் பின்னால் ஏழைகளின் பிழைப்பு இருக்கிறது. வேலூர், குடியாத்தம், திருநெல்வேலிப் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை முன்னிறுத்தித்தான் எப்போதும் பீடிக்கு வரிச்சலுகை கேட்கப்படுகிறது. அந்தப் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு குறைவு என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் சலுகை அவர்களுடைய கூலியாக மாறியதா என்று பார்த்தால், இல்லை. 2017க்குப் பிறகு சிகரெட்டுக்கு இருந்த இழப்பீட்டு செஸ் பீடிக்கு இல்லவே இல்லை. பேரிடர்த் தீர்வையும் நெட்டை சிகரெட் ஆயிரத்துக்கு நூற்றுக்கணக்கான ரூபாயாக இருந்தபோது கையால் சுற்றிய பீடி ஆயிரத்துக்கு ஒரே ஒரு ரூபாய். 2025 செப்டம்பரில் பீடி இலைக்கான ஜிஎஸ்டியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கப்பட்டது. இத்தனை சலுகைக்குப் பிறகும் திண்ணையில் இருப்பவர் திண்ணையில்தான் இருக்கிறார். சுற்றும் பெண்களுக்கு உதவ வேண்டுமானால் அவர்களுக்கு நேரடியாகச் செய்ய ஆயிரம் வழிகள் உண்டு. பிடிப்பவரின் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பீடி என்றால் சிறியது, இலையில் சுற்றியது, அவ்வளவு கெடுதல் இல்லை என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் உறுதியாக இருக்கிறது. உண்மை நேர்மாறு. பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் ஆழமாகவும் விடாமலும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிகரெட்டைவிட அதிகமான நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகின்றன. 2003இல் மருத்துவ இதழான லான்செட்டில் கஜலட்சுமி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புக் காரணங்களை ஆராய்ந்து, இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பதே காரணம் என்று சொன்னது. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் நினைக்கிறோம். நம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் கல்தூசியையும் பீடிப்புகையையும் ஒரே நெஞ்சில் வாங்கிக்கொள்பவர்களுக்கு முதலில் வருவது இருமல்தான்.

விலைக்கு அதிகம் அசைந்துகொடுப்பவர்களும் பீடி பிடிப்பவர்கள்தான் என்பது இந்தியாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. அவர்களிடம் பணம் குறைவு. விலை ஏறினால் வேறு செலவைக் குறைக்க வழியில்லை. அப்படியிருக்க, 2016-17 ஆய்வின்படி தினமும் சிகரெட் பிடிப்பவர் மாதத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய் செலவழித்தபோது, தினமும் பீடி பிடிப்பவர் செலவழித்தது 284 ரூபாய் மட்டுமே. இரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சிகரெட் பிடிப்போரின் விகிதம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. பீடி பிடிப்போரின் விகிதமோ 16 சதவீத அளவுக்கே குறைந்தது. இந்த வித்தியாசம் முழுவதையும் விலையின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது, 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன, ஆண்களின் படிப்பும் வேலையும் மாறின. ஆனாலும், அதிகம் அசையக்கூடியவர்கள் குறைவாக அசைந்திருக்கிறார்கள் என்றால், அவர்களை அசைக்கும் அளவுக்கு நாம் விலையைத் தொடவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இப்போது தொட்டிருக்கிறோம், கீழ்நோக்கி.

புகையில்லாப் புகையிலையைப் பற்றி விரிவாக எழுத வேறொரு கட்டுரை வேண்டும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா தடைசெய்யப்பட்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து வரும் வண்டிகளில் ஜூஜூவாடி, ஓசூர் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதாக நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாராவாரம் ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடும். பிடிபடாதது எங்கே போகிறது என்பது பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம் கிடக்கும் உறைகளைப் பார்த்தாலே தெரியும். தடைசெய்த பொருளுக்கு வரி கிடையாது. வரி இல்லாததால் விலைக் கொள்கையும் அதைத் தொடாது. நல்லெண்ணத்தில் போட்ட தடை அந்தப் பொருளை வரிக் கணக்கின் கைக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மீண்டும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வருகிறேன், ஏனெனில் ஒற்றை விற்பனை விலையை மட்டும் கரைப்பதில்லை. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்திருக்கிறது. அது பயனற்றதும் அல்ல: பெட்டியில் பார்த்த எச்சரிக்கையால் விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்ன சிகரெட் பிடிப்போர் முதல் ஆய்வில் 38 சதவீதம், இரண்டாவதில் 62 சதவீதம். 2018 முதல் விடுபட விரும்புவோருக்கான 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் பெட்டியிலேயே அச்சிடப்படுகிறது. படமும் எண்ணும் கடைக்காரரின் காலடியில் கிழிந்துகிடக்க, பிடிப்பவர் கைக்கு வருவது வெள்ளைக் குழல் மட்டும். விலை ஏறிய அன்று விட்டுவிடலாமா என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த நினைப்பைப் பிடித்துக்கொள்ள அந்த எண் அவர் கண்ணில் பட வேண்டுமே. தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன் டீக்கடையில் நிற்கும் லாரி ஓட்டுநர்களில் அந்த எண்ணைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒற்றை விற்பனையைத் தடைசெய்தால் என்ன என்று அந்தக் கடைக்கார அண்ணனிடமே கேட்டேன். "தம்பி, பாக்கெட்டா வாங்கினா கையில இருக்குதுன்னு ஒரே நாள்ல ஊதித் தள்ளிருவாங்க. இப்ப அஞ்சு தடவ நடந்து வரணும்னு மூணோட நிறுத்தறாங்க," என்றார். லாப நோக்கத்தில் சொன்னாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. நெடுநாள் பழகியவர் பெட்டி வாங்கினால் கூடுதலாகப் பிடிக்கக்கூடும். ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் நண்பன் தோளில் கைபோட்டுக்கொண்டு வரும் பதினெட்டு வயதுப் பையனிடம் இருப்பது பத்து ரூபாய். நூறு ரூபாய் எடுத்து வைத்தால்தான் முதல் சிகரெட் என்றால், அவர்களில் பலர் அந்த முதலையே தொட மாட்டார்கள். பழகியவருக்கும் தொடங்குபவருக்கும் இடையே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு தொடங்குபவருக்கே. அண்ணனின் கடை வருமானம் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னபோது அவர், டீயை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை.

கர்நாடகம் 2024இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதையும் சிகரெட்டை ஒற்றையாக விற்பதையும் தடைசெய்கிறது. மகாராஷ்டிரம் 2020லேயே ஒற்றை விற்பனைக்குத் தடை விதித்தது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்துவிட்டால் வயது பதினெட்டு, விற்பனை ஒற்றை. தமிழ்நாடு செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் அந்த இரண்டையும் சேர்த்த சட்டத் திருத்தம்தான். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் மாநில நிதியமைச்சருக்கும் ஒரு நாற்காலி உண்டு. பீடிக்கு விலையில் சதவீதமாக அல்லாமல் ஒவ்வொரு பீடிக்கும் இவ்வளவு காசு என்று வரி போட்டு, அதை ஆண்டுதோறும் கூலி உயர்வோடு சேர்த்து ஏற்றச் சொல்லி அங்கே கேட்கலாம். அடுத்த புகையிலை ஆய்வு வரும்போது தமிழ்நாட்டின் எண் 20க்கு மேலா கீழா என்பதை சிகரெட் மீதான 40 சதவீதத்தைவிட பீடி மீதான அந்த 18 சதவீதம்தான் அதிகம் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன்.